நிராகரிக்கப்பட்ட விமானிக்குக் காரணம் சொல்லுங்கள்

இந்தியாவில் வணிக விமானி உரிமம் (சிபிஎல்) பெற ஒருவர் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வானிலையியல், வழிகாணல், விமான விதிகள் என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏ நடத்தும் தாள்களில் தேறி, கிளாஸ் 1 மருத்துவப் பரிசோதனையையும் கடந்து, அந்த 200 மணி நேரத்தை முடிப்பதற்குள் ஒரு குடும்பம் அரைக் கோடி ரூபாய் அளவுக்குச் செலவழித்திருக்கும். ஏர்பஸ் ஏ320 போன்ற ஒரு குறிப்பிட்ட விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் பயிற்சிக்குத் தனியாகப் பல லட்சங்கள் வேண்டும். வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கும், நகை அடகுக் கடையில் இருக்கும். இத்தனைக்கும் பிறகு இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் ஒரு பெண்ணோ பையனோ விமான நிறுவனத்தின் நேர்முகத் தேர்வு அறைக்குள் போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறார். சில நாள் கழித்து மின்னஞ்சலில் இரண்டு வரி வருகிறது: விண்ணப்பித்தமைக்கு நன்றி, இம்முறை தங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை. எதில் குறை, எவ்வளவு குறை, அடுத்து எப்போது வரலாம் என்பது பெரும்பாலும் அதில் இராது.

அந்த இரண்டு வரியை எப்படிப் படிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நமக்குப் பழக்கமான வழிகள் இரண்டு. 'நீ விமானி ஆகவே லாயக்கில்லை' என்று அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு உடைந்துபோவது ஒன்று. 'அவர்களுக்கு உன் அருமை தெரியவில்லை, விடாதே, முயன்றுகொண்டே இரு' என்று உற்றார் சொல்லும் ஆறுதலில் சாய்ந்துகொள்வது மற்றொன்று. இரண்டிலும் நடந்தது என்ன என்ற கேள்வி எழுவதே இல்லை. விமானத் துறை தன் விபத்துகளை எப்படி ஆராய்கிறதோ, அப்படித்தான் ஒரு விமானி தன் நிராகரிப்பையும் ஆராய வேண்டும் என்பது என் வாதம். அந்த ஆராய்ச்சிக்கு வேண்டிய தகவலைத் தர வேண்டிய கடமை, நிராகரித்த நிறுவனத்துக்கு உண்டு என்பது அதன் மறுபாதி.

நேர்முகத் தேர்வு எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதிலிருந்து தொடங்குவோம். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறைகள் பிற்காலப் பணித்திறனை எவ்வளவு சரியாகக் கணிக்கின்றன என்று உளவியலாளர்கள் நீண்ட காலமாக அளந்து வருகிறார்கள். ஷ்மிட், ஹண்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 85 ஆண்டு ஆய்வு முடிவுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் அடிப்படை நூல்போலக் கருதப்பட்டது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்முகத் தேர்வுக்கு அவர்கள் கண்ட தொடர்புக் கெழு 0.51. மனம்போன போக்கில் உரையாடும் நேர்முகத்துக்கு 0.38. சாக்கெட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2022இல் அந்தக் கணக்கீட்டு முறையைத் திருத்திப் பார்த்தபோது இவை 0.42 ஆகவும் 0.19 ஆகவும் இறங்கின. 1 என்றால் முழுமையான கணிப்பு, 0 என்றால் குருட்டுச் சீட்டு. 0.42 என்பதன் பொருள், ஊழியர்களின் பணித்திறனில் உள்ள வேறுபாடுகளில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட ஒரே அளவுகோலில் நடத்தும் நேர்முகத் தேர்வாலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை என்பதே. இவை எல்லாத் தொழில்களுக்குமான பொதுக் கணக்கு. விமானித் தேர்வில் எழுத்துத் தேர்வும் திறன் சோதனையும் சிமுலேட்டரும் சேர்வதால் மொத்தக் கணிப்பு இதைவிட மேம்படும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவ விமானப்படை, ஜான் ஃபிளானகன் என்ற உளவியலாளரின் தலைமையில் லட்சக்கணக்கான இளைஞர்களைச் சோதித்து 1 முதல் 9 வரை தரமிட்டது. 9 வாங்கியவர்களில் மிகச் சிலரே பயிற்சியில் தோற்றார்கள். 1 வாங்கியவர்களில் பெரும்பாலோர் தோற்றார்கள். சோதனைக்கு மதிப்பு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அந்தக் கடைசித் தரத்திலும் பயிற்சியை முடித்து விமானி ஆனவர்கள் இருந்தார்கள்.

அப்படியானால் தேர்வுமுறை அநியாயம் என்று சொல்கிறேனா? இல்லை. இங்கே ஒரு கசப்பான நியாயம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்வதே மனக்காயத்துக்கு முதல் மருந்து என்று நினைக்கிறேன். எந்தச் சோதனையும் இரண்டு வகையில் பிழை செய்யும். தகுதி இல்லாதவரை உள்ளே விட்டுவிடலாம். தகுதி உள்ளவரை வெளியே தள்ளிவிடலாம். இரண்டையும் ஒருசேரக் குறைக்க முடியாதபோது எந்தப் பிழையைச் சகித்துக்கொள்வது என்று முடிவெடுத்தாக வேண்டும். 180 பேர் உட்காரும் விமானத்தின் முன்னறை விஷயத்தில் அந்த முடிவு ஒன்றுதான் இருக்க முடியும். தகுதியற்ற ஒருவர் உள்ளே போவதைத் தடுக்கத் தகுதியுள்ள பலரைத் திருப்பி அனுப்பினாலும் பரவாயில்லை என்று தேர்வுக் கோட்டை உயர்த்தித்தான் வைப்பார்கள். பயணியாக நாமும் அதைத்தான் விரும்புவோம். ஆக, 'தேர்வாகவில்லை' என்ற கூட்டத்தில் நல்ல விமானிகள் பலர் இருப்பது இந்த முறையின் கோளாறால் நேர்ந்ததல்ல. அதன் வடிவமைப்பே அப்படி. அந்தக் கூட்டத்தில் நிற்கும் ஒருவர், முறையின் நியாயத்தை முழுதாக ஒப்புக்கொண்டே, அதைத் தன்னைப் பற்றிய இறுதிச் சொல்லாக ஏற்காமல் இருக்கலாம். இரண்டும் முரண்பட்டவை அல்ல.

இந்த இடத்தில் தமிழ் வாசகர்களுக்கு உடனே நினைவுக்கு வரும் பெயர் அப்துல் கலாம். டேராடூனில் விமானப்படை விமானித் தேர்வுக்குப் போன 25 பேரில் 8 பேரை எடுத்தார்கள், அவர் ஒன்பதாவது. இதை அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பள்ளி மேடைகளில் இக்கதை, ஒரு கதவு மூடினால் அதைவிடப் பெரிய கதவு திறக்கும் என்பதற்குச் சான்றாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒன்பதாவதாக வந்து குடியரசுத் தலைவர் ஆனவர் ஒருவர்தான். ஒன்பதாவதாக வந்தவர்கள் ஒவ்வொரு தேர்விலும் உண்டு. அந்தக் கதையில் கவனிக்க வேண்டியது 8, 9 என்ற இரண்டு எண்கள். எட்டாமவருக்கும் ஒன்பதாமவருக்கும் இடையே கோடு விழுந்த காரணம், அன்று இடங்கள் எட்டாக இருந்ததுதான். இடங்கள் பத்தாக இருந்திருந்தால் அதே மதிப்பெண்ணோடு அதே இளைஞர் விமானி ஆகியிருப்பார்.

பயணிகள் விமானத் துறையில் அந்த இடங்களின் எண்ணிக்கை காற்றடிக்கும் திசைக்கெல்லாம் மாறுகிறது. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் பறப்பதை நிறுத்தியது. 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸ் தன் கடைசி விமானத்தை இயக்கியது. 2020 மார்ச் 25 முதல் இரண்டு மாதங்களுக்கு உள்நாட்டுப் பயணிகள் விமானமே இல்லை. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் திவால் மனு கொடுத்துவிட்டுப் படுத்தது. நிறுவனம் மூடிய ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த அனுபவசாலிகள் வேலை தேடும் வரிசைக்கு வந்தார்கள். அந்த வாரத்தில் 200 மணி நேர லாக் புக்குடன் வரிசையில் நின்ற புதியவர், முந்தைய வாரத்தில் இருந்ததைவிட எந்த வகையிலும் மோசமான விமானி ஆகிவிடவில்லை. எதிர்த்திசையிலும் இப்படியே நடக்கும். 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், அதே ஆண்டு ஜூனில் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. செய்தியைப் படித்தவர்கள் நாளையே வேலை என்று நினைத்தார்கள். ஆனால் ஆர்டர் கொடுத்த விமானம் வந்து சேரப் பல ஆண்டுகள் ஆகும். வந்த விமானங்களிலும் கணிசமானவை பிராட் அண்ட் விட்னி இன்ஜின் கோளாறால் தரையில் நின்றன. 2025இல் விமானிகளின் பணி நேர விதிகள் கடுமையாக்கப்பட்டன. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமானது, இரவில் தரையிறங்கும் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. நவம்பரில் அதன் இரண்டாம் கட்டம் அமலுக்கு வந்த சில வாரங்களில், போதிய விமானிகளை ஆயத்தமாக வைத்திராத இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானச் சேவைகளை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. நேற்று வரை வேண்டாதிருந்த எண்ணிக்கை, ஒரு விதி மாறியதும் அவசரத் தேவை ஆகிவிடுகிறது.

'நாட்டுக்கு 30,000 விமானிகள் தேவை' என்று அமைச்சர்கள் சொல்லும் கணக்கும் இங்கே குழப்பத்தைக் கூட்டுகிறது. அது அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கான கணக்கு. இன்றைய பற்றாக்குறை பெரும்பாலும் கேப்டன்களுக்குத்தான். கேப்டன் ஆக வேண்டுமானால் 1,500 மணி நேரம் பறந்து ஏடிபிஎல் எனும் உயர்நிலை விமானி உரிமம் வாங்கி, நிறுவனத்தின் தரம் உயர்த்தும் பயிற்சியிலும் தேற வேண்டும். புதிதாக சிபிஎல் வாங்கியவர் போட்டியிடுவது துணை விமானி இடத்துக்கு. அந்த இடத்துக்கு ஆள் ஏராளம். 2023இல் மட்டும் டிஜிசிஏ 1,600க்கும் மேற்பட்ட சிபிஎல் உரிமங்களை வழங்கியது. துணை விமானியைப் பயிற்றுவிக்கவும் கேப்டன்கள்தான் வேண்டும் என்பதால், கேப்டன் பற்றாக்குறை இருக்கும்போது புதியவர்களை எடுக்கும் வேகமும் குறையும். ஆக, பற்றாக்குறையும் வேலையின்மையும் ஒரே துறையில் ஒரே நேரத்தில் இருக்க முடியும். விமானி இல்லாமல் நாடே தவிக்கிறது என்ற விளம்பரத்தை நம்பி வந்த குடும்பத்துக்கு, 'அப்படித் தவிக்கும்போதும் உன் பிள்ளையை எடுக்கவில்லையே' என்ற கேள்வி இரட்டைக் காயமாக இறங்குகிறது. பயிற்சிப் பள்ளிகள் சேர்க்கையின்போதே இந்த வேறுபாட்டைச் சொல்லியிருந்தால் அந்தக் காயத்தில் பாதி இருந்திருக்காது.

நிராகரிப்பில் விண்ணப்பித்தவரின் பங்கே இல்லை என்று இதற்கெல்லாம் பொருள் கொள்ளக் கூடாது. அவர் பங்கு எவ்வளவு என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்கான முறை அவருடைய தொழிலிலேயே இருக்கிறது. சர்வதேச சிவில் விமான அமைப்பின் 13ஆம் இணைப்பு, விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது என்றும், பழியையோ பொறுப்பையோ யார்மீதும் சுமத்துவது அதன் வேலை அல்ல என்றும் சொல்கிறது. பழி வரும் என்று தெரிந்தால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், உண்மை தெரியாவிட்டால் அடுத்த விமானமும் விழும் என்பது அந்தத் துறை உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடம். தன்னைத்தானே விசாரிக்கும்போதும் இது பொருந்தும். 'நான் ஒரு முட்டாள்' என்று முடிவெழுதிவிட்டு விசாரிக்கத் தொடங்குபவருக்கு எந்தத் தகவலும் கிடைக்காது.

விசாரணை என்றால் கருப்புப் பெட்டி வேண்டும். நேர்முகத் தேர்வில் அது இல்லை, நினைவுதான் பதிவு. எனவே அறையை விட்டு வந்த அன்றே எழுதிவிட வேண்டும்: யார் என்ன கேட்டார், என்ன பதில் சொன்னேன், அடுத்த கேள்வி எதற்குத் தாவியது, எந்த இடத்தில் குரல் மாறியது. முடிவு தெரியும் முன்பே எழுதுவது முக்கியம். முடிவு வந்த பிறகு எழுதினால் நினைவு அந்த முடிவுக்கு ஏற்றபடி வளைந்துவிடும். ஓர் உதாரணம். புறப்படும் விமானத்தில் வி1 என்றால் என்ன என்பது அநேகமாக எல்லா அறைகளிலும் கேட்கப்படும் கேள்வி. அந்த வேகத்தைத் தாண்டிவிட்டால் புறப்பாட்டைக் கைவிடக் கூடாது, தொடர்ந்து மேலெழ வேண்டும் என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். எதிரே இருக்கும் கேப்டன் தலையசைத்துவிட்டு, 'ஓடுபாதை நனைந்திருந்தால் வி1 கூடுமா, குறையுமா?' என்பார். பொதுவாகக் குறையும், ஈர ஓடுபாதையில் நிற்கக் கூடுதல் தூரம் வேண்டும், ஆகவே நிற்பதா போவதா என்ற முடிவை முன்னதாகவே எடுத்தாக வேண்டும். வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் கேள்வித் தொகுப்பை மட்டும் படித்தவர் இங்கே தடுமாறுவார். தடுமாறுவதில் தவறில்லை. 'உறுதியாகத் தெரியவில்லை சார், ஆனால் நிற்கும் தூரத்தை வைத்து யோசித்தால் குறைய வேண்டும்' என்று சொல்கிறாரா, அல்லது தெரிந்ததுபோல் நான்கு சொற்களைக் கோத்து அடித்துவிடுகிறாரா என்பதை எதிரே இருப்பவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஏன் அதைப் பார்க்கிறார்? அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவில் மூடுபனியில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ஓடுபாதையில் இன்னொரு விமானம் இருக்கிறதோ என்று அவற்றில் ஒன்றான கேஎல்எம் விமானத்தின் பொறியாளர் எழுப்பிய சந்தேகத்தைக் கேப்டன் தள்ளிவிட்டார். யாரும் மறுபடி அழுத்திச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் போர்ட்லண்ட் நகருக்கு அருகே யுனைடெட் விமானம் ஒன்று, தரையிறங்கு சக்கரக் கோளாறில் கேப்டன் மூழ்கியிருந்தபோது எரிபொருள் தீர்ந்து விழுந்தது. எரிபொருள் குறைவது மற்றவர்களுக்குத் தெரிந்தும் உரத்துச் சொல்லவில்லை. இவற்றுக்குப் பிறகுதான் முன்னறையில் சேர்ந்து இயங்கும் திறனுக்கென்று தனிப் பயிற்சி வந்தது. தொடர்பாடல், சூழல் அறிதல், வேலைப்பளுவைக் கையாளுதல், முடிவெடுத்தல் என்று விமானிக்கு வேண்டிய திறன்கள் சர்வதேச அளவில் வகுக்கப்பட்டதும் அதன் தொடர்ச்சியே. ஆகவே தன்னை விசாரிப்பவர், 'எத்தனை கேள்விக்குச் சரியான பதில் சொன்னேன்' என்ற பரீட்சைக் கணக்கோடு நிற்காமல், தெரியாத இடத்தில் என்ன செய்தேன், சிமுலேட்டரில் தவறு செய்தவுடன் அடுத்த ஒரு நிமிடம் எப்படி இருந்தேன், உடன் இருந்தவரிடம் பேசினேனா, மௌனமாகப் போராடினேனா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான நிராகரிப்புகளுக்கான தடயம் அங்கேதான் இருக்கும் என்பது என் அனுமானம்.

இப்படி விசாரித்த பிறகு, சிலருக்கு விடை 'போதும்' என்பதாக இருக்கலாம். இதைச் சொல்லாமல் நிராகரிப்பைப் பற்றி எழுதுவது நேர்மை ஆகாது. எல்லோரும் விமானி ஆகிவிட முடியாது. முயற்சி மட்டும் போதும் என்று சொல்லும் ஆறுதல், கடனில் இருக்கும் குடும்பத்தை மேலும் கடனில் தள்ளும். காத்திருப்பதற்கே செலவு உண்டு. மருத்துவப் பரிசோதனையை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கான தகுதியையும் ஆண்டுக்கொருமுறை சோதனை கொடுத்துத் தக்கவைக்க வேண்டும். அதற்கு விமான வாடகை கட்ட வேண்டும். விமானப்படையின் விமானி திறன் சோதனையை வாழ்நாளில் ஒரு முறைதான் எழுத முடியும், தவறினால் தவறியதுதான். பயணிகள் விமான நிறுவனங்கள் அப்படி இல்லை. ஒரு குறிப்பிட்ட இடைவெளிக்குப் பிறகு மறுபடி விண்ணப்பிக்கப் பல நிறுவனங்கள் இடம் தருகின்றன. அந்த வசதியே சிலருக்கு முடிவில்லாத காத்திருப்பாக மாறிவிடுகிறது. எனவே எத்தனை காலம், எவ்வளவு பணம் என்ற எல்லையை மனம் அமைதியாக இருக்கும்போதே குடும்பத்தோடு உட்கார்ந்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது. அந்த எல்லைக்குள், பறந்துகொண்டே சம்பாதிக்கப் பயிற்சிப் பள்ளியில் உதவிப் பயிற்றுநர் வேலை இருக்கிறது. மணி நேரமும் கூடும், கற்றுக்கொடுப்பதால் பாடமும் பதியும். விமான நிறுவனங்களின் செயல்பாட்டு அறையில் ஃபிளைட் டிஸ்பாட்சர் வேலை உண்டு. உரிய பட்டப் படிப்பு உள்ளவர்களுக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணியும் திறந்திருக்கிறது. இவற்றைத் தோல்வியின் அடையாளமாகப் பார்க்கும் வீட்டாரின் பார்வை முதலில் மாற வேண்டும்.

மனத்தைப் பற்றி இரண்டு ஆய்வுகளைச் சொல்லியாக வேண்டும். 1930களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் மரியன்தால் என்ற ஊரில் ஆலை மூடப்பட்டு ஏறத்தாழ ஊர் முழுவதும் வேலை இழந்தபோது சமூக உளவியலாளர் மரீ யஹோதாவும் அவருடைய சகாக்களும் அங்கே போய் ஆராய்ந்தார்கள். நேரம் நிறையக் கிடைத்தும் மக்கள் முன்பைவிடக் குறைவாகப் படித்தார்கள், தெருவில் மெதுவாக நடந்தார்கள், ஒரு நாளில் என்ன செய்தோம் என்று அவர்களால் சொல்லக்கூட முடியவில்லை. நாளுக்கு ஒரு சட்டகம் இல்லாமல் போவதே மனிதரை அரிக்கிறது என்பது அவர்கள் கண்டது. 1990களில் உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சகாக்களும், வேலை இழந்த பொறியாளர்களில் ஒரு சாராரை அந்த இழப்பைப் பற்றிய தங்கள் எண்ணங்களையும் கோபத்தையும் சில நாட்கள் எழுதச் சொன்னார்கள். எழுதியவர்கள் மற்றவர்களைவிட விரைவில் வேலை பெற்றார்கள். சிறிய ஆய்வுதான், அதன்மேல் பெரிய கோட்டை கட்ட முடியாது. ஆனாலும் கோபத்தை விழுங்காமல் வெளியே கொட்டிவிட்டு அடுத்த அறைக்குள் போவது நல்லது என்பதற்கு அது ஒரு சான்று. நிராகரிப்புக்குப் பிறகு வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போய்விட்டால் மருத்துவரைப் பார்ப்பதே சரி. உளவியல் உதவி கேட்டால் மெடிக்கல் போய்விடுமோ என்ற பயம் விமானிகளிடையே உலகம் முழுவதும் இருக்கிறது. 2015இல் ஜெர்மன்விங்ஸ் விமானத்தை அதன் துணை விமானியே மலையில் மோதவிட்டு 149 பேரையும் கொன்று தன்னையும் மாய்த்துக்கொண்ட பிறகு, மறைக்கப்பட்ட நோய் எவ்வளவு ஆபத்தானது என்பது எல்லோருக்கும் புரிந்தது. நிராகரிக்கப்பட்டதால் வரும் துக்கம் நோயல்ல. அது நோயாக மாறுமுன் பேசிவிடுவதே பாதுகாப்பு. அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

இதுவரை சொன்ன விசாரணையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. விசாரிப்பவரிடம் பாதித் தகவல்தான் உள்ளது. மறுபாதி நிறுவனத்தின் கோப்பில் பூட்டிக் கிடக்கிறது. எழுத்துத் தேர்வில் எத்தனை, திறன் சோதனையில் எத்தனை, சிமுலேட்டரில் எந்தப் பகுதி பலவீனம் என்பதெல்லாம் அங்கே எண்களாக இருக்கின்றன. அதைச் சொல்லாததற்கு நிறுவனங்கள் மூன்று காரணங்கள் சொல்லக்கூடும். ஆயிரக்கணக்கானோருக்கு எழுத நேரமில்லை என்பது முதலாவது. மத்தியக் குடிமைப் பணித் தேர்வுக்கு ஆண்டுதோறும் சுமார் 10 லட்சம் பேர் விண்ணப்பிக்கிறார்கள். அதில் நேர்முகம் வரை போய்த் தேறாதவர், எழுத்தில் தனக்கு எவ்வளவு, 275க்கு நேர்முகத்தில் எவ்வளவு என்று தெரிந்துகொள்கிறார். அதோடு நிற்காமல், விருப்பம் தெரிவிக்கும் தேறாதவர்களின் மதிப்பெண்களை வேறு வேலை தருவோர் பார்க்கும்படி வெளியிடும் திட்டத்தையும் அத்தேர்வை நடத்தும் தேர்வாணையமான யூபிஎஸ்சி சில ஆண்டுகளாக நடத்திவருகிறது. தேர்வாணையத்தால் முடிவது, சில நூறு பேரை நேர்முகத்துக்கு அழைக்கும் நிறுவனத்தால் முடியாதா? காரணம் சொன்னால் வழக்கு வரும் என்பது இரண்டாவது. ஒரே அளவுகோலில் மதிப்பெண் போட்டுப் பதிவுசெய்த நிறுவனம் வழக்குக்கு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்சுகிறது என்றால் அளவுகோலிலேயே ஏதோ கோளாறு. பலவீனத்தைச் சொல்லிவிட்டால் அடுத்த முறை அதற்கு மட்டும் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்து ஏமாற்றுவார்கள் என்பது மூன்றாவது. கேள்வித்தாளை வெளியிட்டால் அது நடக்கும். 'வேலைப்பளுவைக் கையாளுவதில் பலவீனம்' என்று சொல்வதால் எப்படி நடக்கும்? அந்தப் பலவீனத்தை ஒருவர் ஆறு மாதம் உழைத்துச் சரிசெய்துகொண்டு வந்தால், நமக்குக் கிடைப்பது மேலும் ஒரு நல்ல விமானிதான்.

கேட்பது பெரிய விஷயமல்ல. நிராகரிப்பு மின்னஞ்சலில் மூன்று வரி கூடுதலாக இருக்கட்டும்: எந்தக் கட்டத்தில் தேர்வு நின்றது, எந்தத் திறனில் மதிப்பெண் கோட்டுக்குக் கீழே போனது, எந்த மாதத்திலிருந்து மறுபடி விண்ணப்பிக்கலாம். இடம் இல்லாததால்தான் எடுக்கவில்லை என்றால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். உரிமம் கொடுப்பது டிஜிசிஏ, பயிற்சிப் பள்ளிகளுக்கு அனுமதி கொடுப்பதும் டிஜிசிஏ, விமான நிறுவனங்களின் பாதுகாப்பைக் கண்காணிப்பதும் அதுவே. அரைக் கோடி ரூபாயும் சில ஆண்டு உழைப்பும் போட்டு அந்த உரிமத்தை வாங்கிய இளைஞர்களுக்கு இந்த மூன்று வரி கிடைக்கும்படி விமான நிறுவனங்களை அழைத்துப் பேசி ஒரு நடைமுறையை வகுக்க வேண்டும். அடுத்த ஆட்சேர்ப்புச் சுற்று தொடங்கும் முன் டிஜிசிஏ இதைச் செய்யட்டும்.